மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை விஎஃப்டி டிரைவால் காப்பது: முழுமையான வழிகாட்டி

"டிரைவ் பூட்டித்தானே இருக்கு, அப்புறம் எப்படி சீல் எரிஞ்சுது?" இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலும் மரக்கறிச் செய்கை நடக்கும் இடங்களிலும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டிரைவ் என்பது மோட்டரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பெட்டி; சீல் என்பது பம்பின் சுழல்தண்டு வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் பாகம். பராமீட்டர்களை, அதாவது டிரைவில் பதியும் அமைப்பு எண்களை, திறந்து பார்த்தால் விடை அங்கேயே இருக்கும். மோட்டருக்கான பாதுகாப்பு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், பம்புக்கான பாதுகாப்பில் ஒன்றைக்கூட யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள்.

ஓவர்லோட், ஷோர்ட், ஃபேஸ் போவது, வோல்டேஜ் விழுவது இவற்றை டிரைவ் பெரும்பாலும் தானாகப் பார்த்துக்கொள்ளும். ஓடை வற்றியதையும், மேலே வால்வ் பூட்டிக் கிடப்பதையும், நடுச்சரிவில் பைப் உடைந்ததையும் நாம் எண்களாகச் சொல்லிக்கொடுத்தால்தான் அது அறியும்.

புதிதாகப் பூட்டுபவர்கள் இன்னொரு விதத்திலும் சறுக்குகிறார்கள். கையேட்டில் உள்ள எல்லாப் பாதுகாப்பையும் ஏதோ ஒரு எண்ணில் முதல் நாளே போட்டுவிடுவார்கள். அது காரணமில்லாமல் ட்ரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். பம்ப் பார்ப்பவருக்கு இரவில் மழையில் இறங்கி ரீசெட் பண்ணி அலுத்துப்போகும். யாரையாவது பிடித்து எல்லாவற்றையும் ஆஃப் பண்ணிவிடுவார். அதனால் முதலில் அளக்க வேண்டும், பிறகு எல்லை வைக்க வேண்டும், கடைசியில் பிழையை நாமே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

கீழே ஒரே உதாரணத்தை வைத்துப் போகிறேன். ஓடையோரத்துப் பம்ப் அறையிலிருந்து லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள டேங்குக்கு 60 மீட்டர் உயரம். பம்ப் 4 கிலோவாட், மூன்று ஃபேஸ். மணிக்கு 10 கன மீட்டர் ஏற்றும்போது 70 மீட்டர் தலையழுத்தம் (தண்ணீர் ஏறும் உயரமாகச் சொல்லும் அழுத்தம்). வால்வை முழுதாக அடைத்தால் 80 மீட்டர். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்கு ஒன்றுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பம்பின் வளைவுப் படம் (எவ்வளவு ஓட்டத்துக்கு எவ்வளவு அழுத்தம் தரும் என்று காட்டுவது), மோட்டர் நேம்பிளேட்டின் தெளிவான போட்டோ, டிரைவின் கையேடு. வளைவுப் படம் கிடைக்காவிட்டால் டெலிவரியில் ஒரு நல்ல பிரஷர் கேஜ் பூட்டி, அடைத்த நிலை அழுத்தத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

4 முதல் 20 மில்லி ஆம்பியர் தரும் பிரஷர் சென்சர் ஒன்று, 16 பார் வரை அளப்பது. 10 பார் சென்சர் மலிவு, நம் 8 பாருக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் ஓட்டம் திடீரென நிற்கும்போது பைப்பில் அடிக்கும் நீரதிர்ச்சி அதை ஒரே மழைக்காலத்தில் கெடுத்துவிடும். 0 முதல் 10 வோல்ட் வகையும் வேண்டாம். வயர் அறுந்தால் அது 0 காட்டும், அழுத்தம் உண்மையிலேயே 0 ஆனாலும் 0 காட்டும். 4 மில்லி ஆம்பியரில் தொடங்கும் சென்சரில் அதற்குக் கீழே போனாலே வயரில் கோளாறு என்று டிரைவுக்குத் தெரிந்துவிடும்.

டேங்க் அருகே நிற்க ஒருவர், அவரிடம் சிக்னல் உள்ள போன். இது இல்லாமல் படி 5க்குப் போக முடியாது.

பெட்டியைத் திறப்பதற்கு ஒரு விதி: மெயினை நிறுத்தியதும் கை வைக்கக் கூடாது. உள்ளே கெபாசிட்டர்களில் 500 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் நிமிடக் கணக்கு முடியும்வரை காத்திருந்து, மீட்டரால் டிசி முனைகளைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

2. இரண்டு உயரங்களை அளப்பது

முதலாவது, பம்பிலிருந்து டேங்கின் வாய் வரையான செங்குத்து உயரம். பைப்பின் நீளத்தை அளந்து அதையே உயரம் என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. 400 மீட்டர் பைப் 60 மீட்டர்தான் ஏறலாம். நம்பகமான வழி, பைப் நிறைந்திருக்கும்போது பம்பை நிறுத்தி, நான்-ரிட்டர்ன் வால்வுக்கு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) மேலே உள்ள கேஜைப் பார்ப்பது. 1 பார் என்பது 10.2 மீட்டர், 5.9 பார் காட்டினால் 60 மீட்டர்.

இரண்டாவது, தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பின் வாய் வரை உறிஞ்சும் உயரம். இங்கேதான் மலைநாடு வேறுபடுகிறது. கடல் மட்டத்தில் வளிமண்டலம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தள்ளிக்கொடுக்கும். ஹட்டன் உயரத்தில், அதாவது 1270 மீட்டரளவில், அது 8.9 மீட்டராகிறது. 1868 மீட்டரில் உள்ள நுவரெலியாவில் 8.2 மீட்டர்தான். கொழும்பில் 5 மீட்டர் உறிஞ்சிய அதே பம்பை இங்கே 5 மீட்டருக்கு மேல் வைத்தால் உள்ளே கல் உருளுவதுபோல் சத்தம் வரும், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் அரித்துப்போகும். எந்தப் பராமீட்டராலும் இதைத் திருத்த முடியாது. இத்தனை உயரத்தில் உறிஞ்சும் உயரம் 3 மீட்டரைத் தாண்டினால் பம்பைக் கீழே இறக்குங்கள், அல்லது நீர்மூழ்கிப் பம்புக்கு மாறுங்கள்.

இதைப் பார்க்காமல் டிரைவை அமைத்தால், குமிழி விட்டு ஓடும் பம்பின் எண்களைத்தான் "நலமான எண்கள்" என்று எழுதிவைப்பீர்கள்.

3. டிரைவின் அளவும் அது இருக்கும் பெட்டியும்

பெரும்பாலான டிரைவ்களின் முழு ஆம்பியரும் 1000 மீட்டர் உயரம் வரைதான் செல்லும். அதற்கு மேல் 100 மீட்டருக்கு 1 சதவீதம் என்ற அளவில் குறைப்பது வழக்கம்; மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச்செல்லும் என்பதே காரணம். நுவரெலியாவில் ஏறத்தாழ 9 சதவீதம் போகும். மோட்டர் 8 ஆம்பியர் என்றால் 8.5 ஆம்பியர் டிரைவ் போதாது, அடுத்த அளவை எடுங்கள். "இங்கே குளிர்தானே" என்பது பம்ப் அறையில் பாதி சரி. தேயிலை ஃபெக்டரிக்குள் டிரையர் பக்கம் இருக்கும் பேனலுக்கு அது பொருந்தாது. 2000 மீட்டருக்கு மேல் என்றால் கையேட்டில் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கும், வாசிக்காமல் பூட்ட வேண்டாம்.

ஈரம் இன்னொரு எதிரி. பகலில் சூடாகி, இரவில் பனிமூட்டத்தோடு குளிரும் பெட்டிக்குள் நீர் துளிர்க்கும். தூசும் நீர்த்தெறிப்பும் தாங்கும் ஐபி54 அல்லது அதற்கு மேற்பட்ட பெட்டி, உள்ளே சிறிய ஹீட்டர், கேபிள் நுழையும் ஓட்டைகளில் அதை இறுக்கி அடைக்கும் சரியான கிளாண்ட். ஓட்டையைத் திறந்து விட்டால் எறும்பும் பல்லியும் போர்டின் மேல் குடியேறும். நிறுத்திவைத்த நாட்களில் மெயினையே ஆஃப் பண்ணிவிடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். டிரைவில் கரண்ட் இருந்தால் அந்தச் சிறு வெப்பமே உள்ளே உலர்வாக வைத்திருக்கும்.

வீட்டு இணைப்பான ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டில் சிறிய டிரைவ் பூட்டுவோர் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த டிரைவ் வெளியே தருவது 230 வோல்ட் மூன்று ஃபேஸ். 230/400 மோட்டரை டெல்டாவில் கட்ட வேண்டும், ஸ்டாரில் விட்டால் மோட்டர் பலமில்லாமல் சூடாகும். கெபாசிட்டர் வைத்த ஒற்றை ஃபேஸ் மோட்டரைச் சாதாரண டிரைவில் கட்டவே கூடாது.

4. வயரிங்

பேனலை மேலே ஃபெக்டரியில் வைத்து, மோட்டர் கேபிளை 150 மீட்டர் கீழே ஓடைக்கு இறக்குவது பலருக்குப் பிடித்த வழி. டிரைவிலிருந்து வரும் கரண்ட் வெட்டி வெட்டி வருவது. நீண்ட கேபிளின் முனையில் அது எதிரொலித்து 1000 வோல்ட்டைத் தாண்டும் முனைகளை உண்டாக்கும். மோட்டரின் சுருள் சில மாதங்களில் ஷோர்ட் ஆகிவிடும், யாருக்கும் காரணம் விளங்காது. நீளத்தை மெயின் பக்கத்தில் வைத்து, டிரைவை வெள்ளம் ஏறாத உயரத்தில் பம்புக்குப் பக்கத்திலேயே பூட்டுவது என் தேர்வு. முடியாவிட்டால் ஏறத்தாழ 50 மீட்டருக்கு மேல் டிரைவின் வெளிப்பக்கத்தில் ஃபில்டர் வேண்டும். சரியான எல்லை கையேட்டில் இருக்கும்.

மோட்டர் கேபிள் ஷீல்ட் (உலோக உறை) உள்ளதாக இருக்கட்டும், ஷீல்ட் இரு முனையிலும் எர்த்தில் சேரட்டும். சென்சர் வயர் அதிலிருந்து ஒரு முழமாவது விலகிப் போக வேண்டும். சேர்த்துக் கட்டினால் அழுத்தம் இல்லாத துள்ளல்களைக் காட்டும், நீங்கள் பிறகு வைக்கும் எல்லைகளெல்லாம் வீணாகும்.

இடி பற்றிச் சொல்லாமல் இங்கே பம்ப் பற்றிப் பேச முடியாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம். மெயினில் இடியின் மின்னதிர்வை எர்த்துக்கு இறக்கும் சர்ஜ் அரெஸ்டர், சென்சர் வயருக்குத் தனியாக ஒன்று, இரண்டும் ஒரே எர்த்தில். பாறை நிலத்தில் ஒரு கம்பியை அடித்துவிட்டு எர்த் முடிந்தது என்று போகாதீர்கள், அளந்து பாருங்கள். எர்த் மோசமென்றால் அரெஸ்டர் சும்மா தொங்கும் அலங்காரம்.

டேங்க்கிலிருந்து ஃப்ளோட் சுவிட்ச் வயரை நூற்றுக்கணக்கான மீட்டர் மலையில் இழுத்து வருவது இடிக்கு வலிய வழிவிடுவதாகும். அது இல்லாமலே டேங்க் நிறைந்ததை அறியும் வழி படி 9இல் இருக்கிறது.

எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் வெட்டும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று கழற்றிவிடுவதும் நடக்கிறது. டிரைவின் கசிவுக் கரண்ட்டின் தன்மை வேறு. மூன்று ஃபேஸ் டிரைவுக்கு டைப் பி என்ற வகை வேண்டும். வகையை மாற்றுங்கள், ஆளைக் காக்கும் சுவிட்சைக் கழற்றாதீர்கள்.

5. மோட்டர் விவரம், சுற்றும் திசை, குறைந்த வேகம்

நேம்பிளேட்டில் உள்ள வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், சுற்று, கிலோவாட் ஐந்தையும் அப்படியே பதியுங்கள். பிறகு டிரைவ் மோட்டரை அளந்துகொள்ளும் வசதியை, ஆட்டோ டியூன் என்பார்கள், ஒரு முறை ஓட விடுங்கள். பம்பின் சக்தியை டிரைவ் தனி மீட்டர் வைத்து அளப்பதில்லை, மோட்டரின் குணத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. ஆட்டோ டியூனைத் தாண்டிப் போனால் திரையில் தெரியும் கிலோவாட் வெறும் ஊகம், அதன் மேல் கட்டும் பாதுகாப்பும் ஊகம்தான்.

திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் (இம்பெல்லரின் சுழற்சி விசையால் தண்ணீரைத் தள்ளும் வழக்கமான வகை) கொஞ்சம் அழுத்தம் தரும். தட்டையான நிலத்தில் தண்ணீர்கூட வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நம் 60 மீட்டருக்கு ஒரு சொட்டும் ஏறாது.

இனிக் குறைந்த வேகம். வேகம் பாதியானால் தண்ணீர் பாதியாகும் என்று நினைப்பவர்கள் மேட்டுப் பம்பில் ஏமாறுவார்கள். அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் குறைகிறது. அடைத்த நிலையில் முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் 80 மீட்டர் தரும் பம்ப் 60 மீட்டரைத் தொட எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும்? 60ஐ 80ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 50ஆல் பெருக்குங்கள்: 43.3. அதற்குக் கீழே பம்ப் சுற்றும், சத்தம் வரும், கரண்ட் எடுக்கும், மேலே ஒன்றும் போகாது. உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகிக்கொண்டே இருக்கும்.

கணக்கை இடத்தில் சரிபாருங்கள். 40 ஹெர்ட்ஸில் தொடங்கி அரை அரையாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சற்று நிறுத்தி, மேலே நிற்பவரைக் கேளுங்கள். 43இல் "இல்லண்ணே" என்பார், 43.5இல் பைப் வாயில் ஈரம் துளிர்க்கும். 44இல் விரல் பருமனுக்கு விழும், "வந்துருச்சு" என்பார். அதற்கு மேல் ஒன்று சேர்த்து, 45ஐக் குறைந்த வேகமாகப் பூட்டுங்கள். யார் பட்டனை அமுக்கினாலும் டிரைவ் அதற்குக் கீழே நிலைத்து ஓடக் கூடாது.

இதிலிருந்தே தெரியும், இப்படிப்பட்ட மேட்டுப் பம்பில் வேகத்தை விளையாட 45 முதல் 50 வரைதான் இடம். "பாதி கரண்ட் மிச்சம்" என்று விற்பவர் சொல்வது இங்கே நடக்காது. டேங்க் நிரப்பும் பம்புக்கு நிலையான அழுத்தக் கட்டுப்பாடு போட்டுத் தருபவர்களும் உண்டு. 70இல் 60 மீட்டர் வெறும் உயரமாக இருக்கும்போது அதனால் பெரிய பயன் ஒன்றுமில்லை. ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். டிரைவின் மதிப்பு கண்காணிப்பிலும் மெதுவாக நிறுத்துவதிலும்தான்.

6. ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்

0 முதல் குறைந்த வேகம் வரை விரைவாக, 1 அல்லது 2 விநாடியில் ஏற்றுங்கள். அங்கிருந்து முழு வேகத்துக்கு 10 விநாடி. கீழ் வேகத்தில், தண்ணீரையே மசகாகக் கொண்ட பேரிங்குக்குப் போதிய நீர்ப்படலம் இராது. நீர்மூழ்கி மோட்டருக்கு இது கட்டாயம்: 30 ஹெர்ட்ஸை ஒரு விநாடிக்குள் எட்ட வேண்டும் என்பது அவற்றுக்கான வழக்கமான விதி.

நிறுத்தும்போது எதிர்மாறாக, முழு வேகத்திலிருந்து 43 ஹெர்ட்ஸ் வரை 15, 20 விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். தண்ணீர் நிற்பது அந்த இடைவெளியில்தான். திடீரென நிறுத்தினால் மேலிருந்து நீர்த்தம்பம் திரும்பி, நான்-ரிட்டர்ன் வால்வில் அறையும். இரும்புப் பைப்பில் விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் சடாரென்று நின்றால் 10 பாருக்கு மேல் கூடுதலாக ஏறும். பழைய ஜிஐ பைப்பின் மூட்டுகள் தாங்காது.

கரண்ட் போகும்போது டிரைவால் இதைச் செய்ய முடியாது என்பதை மறக்கக் கூடாது. அதற்கு ஸ்பிரிங் வைத்த, சட்டென்று மூடும் நல்ல நான்-ரிட்டர்ன் வால்வ் வேண்டும். மின்வெட்டு அடிக்கடி உள்ள இடத்தில் அந்த வால்வுக்குச் செலவழிக்கும் காசு டிரைவுக்குச் செலவழிப்பதைப் போலவே பயன் தரும்.

7. நலமான எண்களை எழுதிவைப்பது

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி. பாதுகாப்பு எல்லாவற்றையும் ஆஃபில் வைத்து, பம்ப் நன்றாக இருக்கும்போது, டிரைவின் திரையிலிருந்து கிலோவாட், ஆம்பியர், பார் மூன்றையும் எழுதுங்கள். 50 ஹெர்ட்ஸில் முழு ஓட்டம். 50 ஹெர்ட்ஸில் டெலிவரி வால்வ் அடைத்து, அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதே இரண்டும் 45 ஹெர்ட்ஸில்.

நம் உதாரணத்தில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50இல் முழு ஓட்டம் 3.4 கிலோவாட், 6.9 பார். 50இல் அடைத்த நிலை 2.0 கிலோவாட், 7.8 பார். சக்தி வேகத்தின் கனமாகக் குறைவதால், 45இல் அடைத்த நிலை 1.46 கிலோவாட்.

இந்த 1.46ஐப் பாருங்கள். தண்ணீர் வற்றினால் நிறுத்த வேண்டும் என்று 1.5 கிலோவாட் என்ற ஒரே எல்லையை வைத்துவிட்டால், 45 ஹெர்ட்ஸில் யாரோ வால்வை அடைத்தாலே "தண்ணீர் இல்லை" என்று நிற்கும். கிணற்றை எட்டிப் பார்த்தால் நிறையத் தண்ணீர். இப்படி இரண்டு முறை நடந்தால் யாரும் அந்த எச்சரிக்கையை நம்ப மாட்டார்கள். எல்லை வேகத்தோடு சேர்ந்து இறங்க வேண்டும்; தண்ணீர்ப் பம்புக்கென்றே வரும் டிரைவ்களில் இரண்டு வேகங்களுக்குத் தனித்தனிச் சக்தி பதியும் வசதி உண்டு. டான்ஃபாஸ் எஃப்சி 202இல் 22ஆம் தொகுதியைத் திறந்தால் இவை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

இந்த எண்களைத் திகதியோடு எழுதி, பிளாஸ்டிக்கில் போட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

இவையெல்லாம் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு. வீடுகளில் உள்ள சிறிய பெரிஃபெரல் பம்ப் நேர்மாறானது, அடைத்தால் சக்தி ஏறும். அதற்கு இந்த எல்லைகளைப் போடக் கூடாது.

8. தண்ணீர் வற்றினால்

மெக்கானிக்கல் சீலின் இரு முகங்களுக்கும் இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம்தான் அதைக் குளிர்விக்கிறது. அது போனால் சீல் முடிந்தது. நிமிடக் கணக்கில்கூட இல்லை.

ஆம்பியரை வைத்து இதைப் பிடிக்க முயல்வது பழக்கதோஷம். மோட்டர் சும்மா சுற்றினாலும் தன் காந்தப் புலத்துக்காக நிறையக் கரண்ட் எடுக்கும். முழுச் சுமையில் 8 ஆம்பியர் எடுக்கும் மோட்டர் வெறுமனே சுற்றும்போதும் 3, 4 ஆம்பியர் காட்டும். கிலோவாட் அப்படி இல்லை, 3.4இலிருந்து ஒன்றுக்கும் கீழே விழுந்துவிடும். இடைவெளி பெரிதென்றால் எல்லை வைப்பது சுலபம். டிரைவில் சக்தி இல்லாவிட்டால் டார்க்கை (முறுக்கு விசையை) எடுங்கள், ஆம்பியரை அல்ல.

எல்லையை அறிய பம்பைத் தண்ணீரில்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டாம். அப்படிச் செய்து சீல் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைத்த நிலை எண்ணில் 70 சதவீதம் எடுத்தால் போதும்: 50 ஹெர்ட்ஸில் 1.4, 45இல் 1.0. தாமதம் 10 விநாடி. தொடங்கும்போது மட்டும் இன்னும் சில விநாடி விட்டுக்கொடுங்கள். அதற்கு மேல் தேவைப்படுகிறதென்றால் உறிஞ்சும் பைப்பின் அடியில் உள்ள புட் வால்வ் கசிகிறது, அதைத்தான் திருத்த வேண்டும்.

9. தண்ணீர் போகாமல் சுற்றினால்

அடைத்த நிலையில் எடுக்கும் 2 கிலோவாட் எங்கே போகிறது? பம்புக்குள் இருக்கும் தண்ணீரைச் சூடாக்குகிறது. உள்ளே 5 லீட்டர் என்றால் நிமிடத்துக்கு 5, 6 பாகை ஏறும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். கால் மணி நேரத்துக்குள் பம்புக்குள் நீராவி.

இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்து வையுங்கள்: சக்தி 2.3 கிலோவாட்டுக்குக் கீழே, அழுத்தம் 7.5 பாருக்கு மேலே, இரண்டும் 30 விநாடி தொடர்ந்தால் நிறுத்து. சக்தியை மட்டும் பார்த்தால் குழம்பும், ஏனென்றால் இலை அடைத்த உறிஞ்சு வாயும் சக்தியைக் குறைக்கும். அப்போது அழுத்தமும் விழும். சக்தி குறைந்து அழுத்தம் ஏறினால் மேலே அடைப்பு, இரண்டும் குறைந்தால் கீழே அடைப்பு. பம்ப் பார்ப்பவருக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

இதையே டேங்க் நிறைந்ததை அறியவும் பயன்படுத்தலாம். டேங்கின் வாயில் மெதுவாக மூடும் மிதவை வால்வ் பூட்டுங்கள். நிறைந்ததும் அது மூடும், டிரைவ் அடைத்த நிலையைக் கண்டு தூங்கும், அதாவது பம்பை நிறுத்திக் காத்திருக்கும். பைப்பில் உயர்ந்த அழுத்தம் சிறைப்பட்டு நிற்கும். டேங்க் இறங்கி மிதவை திறந்ததும் அழுத்தம் 5.9 பாருக்கு விழும், 6.3க்குக் கீழே போனால் எழுந்திரு என்று வைத்தால் போதும். மலையில் இழுக்க வயரே இல்லை. ஒரு நிபந்தனை: நான்-ரிட்டர்ன் வால்வ் கசியக் கூடாது, கசிந்தால் பம்ப் தூங்குவதும் எழுவதுமாக இரவெல்லாம் கிடக்கும். சட்டென்று மூடும் சாதாரண மிதவை வால்வும் வேண்டாம், நீரதிர்ச்சி வரும்.

10. பைப் உடைந்தால்

தட்டையான ஊரில் இது தண்ணீர் வீண் மட்டுமே. இங்கே லயத்துக்கு மேலே உள்ள மண்மேட்டில் மணிக்கு 10 கன மீட்டர் இரவு முழுதும் இறங்கினால் மேடே நகரலாம். அதனால் எச்சரிக்கையோடு விடாமல், நிறுத்தும்படியே வையுங்கள்.

வழக்கமான அமைப்பு, அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் நிறுத்துவது. 6.9 பாரில் ஓடும் பம்புக்கு 6.0 வைக்கலாம், ஒரு நிமிடத் தாமதத்தோடு. பம்புக்குப் பக்கத்திலோ பாதி வழியிலோ உடைந்தால் இது பிடித்துவிடும். ஆனால் டேங்குக்கு அருகே உடைந்தால் அழுத்தம் அரை பார்கூடக் குறையாது, ஏனென்றால் பம்ப் அப்போதும் கிட்டத்தட்ட அதே உயரத்துக்குத்தான் ஏற்றுகிறது. எல்லையை அதற்கு நெருக்கமாக வைத்தால் வீணாக ட்ரிப் ஆகும்.

அதற்கு நேரக் கணக்கு. 15 கன மீட்டர் டேங்க் சாதாரணமாக ஒன்றரை மணி நேரத்தில் நிறைகிறதென்றால், நிற்காமல் 3 மணி நேரம் ஓடினால் நிறுத்து என்று வையுங்கள். எளிமையான பாதுகாப்பு, ஆனால் சென்சர் காணாததை இது காணும்.

வெறுமையான பைப்பை முதன்முறை நிரப்பும்போது இந்தப் பாதுகாப்பு உடனே குறுக்கிடும். டிரைவில் பைப் நிரப்பும் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் டெலிவரி வால்வைக் கால்வாசி திறந்து மெதுவாக நிரப்புங்கள்.

11. எது தானாகத் திரும்பத் தொடங்கலாம்

வோல்டேஜ் விழுந்தாலோ கரண்ட் போய் வந்தாலோ தானாகத் தொடங்கலாம், 2 நிமிடத் தாமதத்தோடு. கரண்ட் வந்தவுடன் எல்லா மோட்டரும் ஒன்றாக எழும்போது வோல்டேஜ் ஆடும், அதில் நம் பம்பும் சேர வேண்டாம்.

தண்ணீர் வற்றி நின்றால் 45 நிமிடம் கழித்து ஒரு முறை முயலட்டும், ஊற்று ஊறுவதற்கு அந்த நேரம் வேண்டும். மூன்று முறைக்குப் பிறகு ஆள் வந்துதான் ரீசெட் பண்ண வேண்டும். 1 நிமிடத்தில் திரும்பத் தொடங்கும்படி விட்டால், வறண்ட பம்ப் ஒவ்வொரு முறையும் 10 விநாடி உலர்ந்து சுற்றும். பாதுகாப்பு இருந்தும் விடிவதற்குள் சீல் போய்விடும்.

எர்த் பிழை, ஓவர்கரண்ட், பைப் உடைப்பு மூன்றும் தானாகத் தொடங்கவே கூடாது. பம்ப் தானாக ஓடத் தொடங்கும் என்ற எச்சரிக்கைப் பலகையை அறையில் மாட்டுங்கள். மோட்டரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் கை வைத்திருப்பவருக்குக் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது.

எச்சரிக்கை ரிலேயை, எல்லாம் சரியாக இருக்கும்போது இழுத்துப் பிடித்திருக்கும் முறையில் கட்டுங்கள். டிரைவே செத்தாலும் ரிலே விடும், பேட்டரியில் ஓடும் சைரன் அடிக்கும்.

12. பிழையை நாமே உண்டாக்கிப் பார்ப்பது

டெலிவரி வால்வை அடையுங்கள். 30 விநாடியில் நிற்க வேண்டும். சென்சர் வயரைக் கழற்றுங்கள். சென்சர் பிழை வர வேண்டும். பம்ப் அருகே உள்ள வடிகால் வால்வைத் திறங்கள். உடைப்பு என்று சொல்ல வேண்டும். மெயினை நிறுத்திப் போடுங்கள்; 2 நிமிடம் பொறுத்துத் தொடங்க வேண்டும்.

வற்றும் நிலையை மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம். அந்த எல்லையைத் தற்காலிகமாக 3.6 கிலோவாட்டுக்கு உயர்த்துங்கள். ஓடும் பம்ப் எல்லைக்குக் கீழே இருப்பதாகக் கண்டு டிரைவ் நிற்கும். உடனே 1.4க்குத் திருப்பி வையுங்கள். திருப்பியதை இன்னொருவர் திரையில் வாசித்துச் சொல்லட்டும்.

பம்ப் பார்ப்பவரை அருகில் வைத்துக்கொண்டே இவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் திரையில் வரும் எண்ணை அவர் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டட்டும். நாம் எழுதிக்கொடுத்த தாளை யாரும் வாசிப்பதில்லை.

13. பிறகு பார்க்க வேண்டியவை

மாதம் ஒரு முறை முழு ஓட்ட எண்களைக் கதவில் ஒட்டிய தாளோடு ஒப்பிடுங்கள். அதே 50 ஹெர்ட்ஸில் சக்தியும் அழுத்தமும் மெல்ல இறங்கி வந்தால் இம்பெல்லர் தேய்கிறது, அல்லது உறிஞ்சு வலையில் மண்ணும் இலையும். சக்தி ஏறி அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிவு. சக்தி மட்டும் ஏறினால் பேரிங்கைப் பாருங்கள்.

பிழைப் பதிவைத் திறக்கும்போது டிரைவின் கடிகாரம் சரியா என்று முதலில் பாருங்கள். வரிசையாகப் பிற்பகல் 3, 4 மணிக்கே ட்ரிப் என்றால் பம்பை விட்டுவிட்டு எர்த்தையும் வோல்டேஜையும் தேடலாம். விடியற்காலையில் என்றால் ஊற்றின் வரத்து போதவில்லை.

ஊற்றின் வரத்து பருவத்தோடு மாறும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையும், பண்டாரவளை, பதுளை பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் தண்ணீர் இறங்கும். அப்போது வற்றல் ட்ரிப் கூடினால் எல்லையைத் தளர்த்தாதீர்கள். வேகத்தை 46க்கு இறக்கி, ஓடும் நேரத்தைப் பிரித்துப் போடுங்கள். அழுத்தமும் நிரம்பும் நேரமும் மாறும் என்பதால் படி 9இன் எல்லைகளையும் படி 10இன் இரண்டு எண்களையும் அந்த வேகத்துக்கு மீண்டும் எடுங்கள்.

கடைசியாக, எல்லாப் பராமீட்டர்களையும் டிரைவின் கழற்றும் திரைக்குள் பிரதி எடுத்து, மாற்றுவதற்குக் கடவுச்சொல் போடுங்கள். கடவுச்சொல்லைப் பெட்டிக் கதவில் எழுத வேண்டாம். பம்ப் பார்ப்பவரிடமும் தோட்ட அலுவலகத்திலும் இருந்தால் போதும்.